முழங்கால் தண்ணி

வாங்க தாயி, வாங்க. என் வீட்டுக்காரி பூமயில் வீடுதான் இது. அவ பேரச் சொல்லிக் கேட்டதும் ஒரு நிமிசம் முழிச்சேன். அப்புறம் வெளங்கிருச்சு. ரேசன் கார்டுல குடும்பத் தலைவின்னு அவ பேரத்தான போட்டிருக்கான், அதனால கவர்மெண்டுக் காயிதம் எது வந்தாலும் அவ பேருக்கே வருது. நீங்க தேடி வந்த ஆளு நான்தான். சாத்தையா. தும்பனேந்தல் கண்மாய்க்கு முப்பத்தொரு வருசம் நீர்ப்பாய்ச்சி. மடையத் தொறக்குறது, அடைக்கிறது, எந்த வயலுக்கு எந்த நாளு தண்ணின்னு சொல்றது, அம்புட்டும் என் கையிலதான் இருந்துச்சு.

உக்காருங்க. ஐயோ, தரையில எதுக்கு? அந்தச் செவப்புச் சேரு இருக்குல்ல, அதுல உக்காருங்க. அது வெறும் சேருன்னு நெனைக்காதீக. அதுக்கு ஒரு கத இருக்கு, சொல்றேன். பொழுது சாஞ்சா நான் அதுல ஒரு நாழி உக்காருவேன். மத்தபடி யாரையும் உக்கார விட்டதில்ல. பூமயிலு அதத் தொடக்கூட மாட்டா, வாசக் கூட்டுனாலும் சேரச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருவா.

அவளா? ஒரு சோலியாப் போயிருக்கா. வெயிலு ஏறுனா வந்துருவா. அவகிட்ட உங்களுக்கு என்ன இருக்கு? தண்ணி வேணும்னா நானே மோந்து தாரேன். இந்தாங்க.

கண்மாய் விசயமாத்தான வந்திருக்கீக? ஜீப்புல எழுதியிருக்கறத வாசிச்சேன், ஈரநிலத் திட்டம்னு. கண்மாயக் கண்மாய்னு சொன்னா நிதி வராதாம், ஈரநிலம்னு சொன்னாத்தான் வருமாம். என்னமும் சொல்லிட்டுப் போங்க. ஒரு நாளைக்கி இந்த வாசலுக்கு நீங்க வருவீகன்னு எனக்குத் தெரியும். சாத்தையாவக் கேக்காம அந்தத் தண்ணியில ஒரு வேல நடக்காதுன்னு என்னைக்காச்சும் மேல உள்ளவுகளுக்கு ஒறைக்கத்தான செய்யும்.

எழுதிக்கங்க தாயி, இத வேற எவனும் சொல்ல மாட்டான். தண்ணிய நான் அடியில அளக்கிறதில்ல, என் காலுல அளப்பேன். பறவையில சின்னது உள்ளான், அது நிக்கிறதுக்குப் பாதம் நனைஞ்சாப் போதும். அருவாமூக்கனுக்குக் கணுக்கால். கொக்குக்குக் கெண்டைக்கால். மஞ்சமூக்கு நாரை, கரண்டிவாயன் இதுகளுக்கு முழங்கால், அதுக்கு மேல ஒரு விரக்கட ஏறுனாலும் நிக்காதுக. கூழைக்கடா நீந்துற சாதி, அதுக்கு இடுப்புத் தண்ணி. நம்ம கண்மாயில கீழக்கரையில பாதம், அங்கருந்து மெல்ல எறங்கி எறங்கி மடைகிட்ட வரும்போது இடுப்பு. யாரு வெட்டுனான்னு தெரியாது, அப்புடி ஒரு சரிவு. ஐப்பசியில மழ பெஞ்சு ரொம்பும்போது மடையில நான் ஒரு சாண் தொறந்து விட்டு, அந்தச் சரிவ அப்படியே காப்பாத்துவேன். அந்த ஒரு சாணுல இருந்துச்சு எல்லாம். தையில வந்து பாத்தா கருவேல மரம் பூராவும் கூடு. எங்க ஊர்ல தீவாளிக்கி வெடி வெடிக்க மாட்டாக, அதுகளுக்காக. அதுக எச்சம் விழுந்த தண்ணி பாஞ்சா வயலுக்கு ஒரம் வாங்க வேண்டியதில்ல.

இத நான் யாருகிட்டயும் படிக்கல. நின்னு நின்னு தெரிஞ்சுக்கிட்டது. என்கூட அவளும் நின்னிருக்கா, பூமயிலு. கீழக்கரையில கோரை அறுப்பா, கொட்டிக்கிழங்கு பறிப்பா. கல்யாணமான புதுசுல தண்ணியில கைய விட்டா அட்டை கடிக்கும்னு அழுவா. நான்தான் எந்த எடத்துல எம்புட்டுத் தண்ணின்னு காலத் தொட்டுத் தொட்டுக் காட்டிக் குடுத்தேன். இது எதுக்கு இப்ப? விடுங்க.

சேரு கதைக்கி வாரேன்.

போன வருசம் பங்குனி. கண்மாய்க்கி நிதி வந்துருக்குன்னு சேதி வந்துச்சு. கோடிக்கணக்குல. மொதத் தவணையில தூர்வாரி கரைய ஒசத்துறது, அடுத்த தவணை பறவை எம்புட்டு வருதுன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் தருவாகளாம். சட்டப்படி ஊருசனத்துகிட்டக் கருத்துக் கேக்கணுமாம். சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாக. கூட்டத்த நடத்துனது யாரு? பஞ்சாயத்துத் தலைவரு கோட்டைச்சாமி. பூமயிலுக்குக் கூடப் பொறந்த தம்பி. எனக்கு மச்சினன். சின்னப் புள்ளையில என் தோளுல ஒக்காந்து கண்மாயச் சுத்துன பய.

அஞ்சாறு செவப்புச் சேரு போட்டிருந்தாக மொத வரிசையில. சென்னையிலருந்து ஆபீசருக, ஒரு இஞ்சினீயரு, சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கம். அவருதான் எந்திரிச்சு, "இந்தக் கண்மாயப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க யாருங்க?"ன்னு கேட்டாரு. ஊரே சாத்தையா சாத்தையான்னுச்சு. நான் வெள்ள வேட்டி கட்டி, தோள்ல துண்டு போட்டுப் போயிருந்தேன். முன்னால போனேன். ஒரு சேரு காலியாக் கெடந்துச்சு. உக்காரப் போனேன்.

மைக்கு அவன் கையில இருந்துச்சு தாயி. மைக்குலயே சொன்னான். "மச்சான், அது ஆபீசருக்குப் போட்ட சேரு. நீங்க சகதியில நின்னே பழகுன ஆளு, கால மடக்கித் தரையில உக்காருங்க, ஒண்ணும் ஆகாது."

சிரிச்சானுக. யாரு யாரு சிரிச்சானுகன்னு இப்பக் கேட்டாலும் வரிசையாப் பேரு சொல்லுவேன். நான் தண்ணி விட்டு வெளஞ்ச சோத்தத் தின்னவனுக. அந்த இஞ்சினீயருகூட லேசாச் சிரிச்சாரு. பூமயிலு சிரிக்கல, அதச் சொல்லிரணும். பொம்பளையாளுக பக்கத்துலருந்து எந்திரிச்சு வந்து, தரையில உக்காந்துட்ட என் கையப் புடிச்சா. "எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்"னா. நான் எந்திரிக்கல. தரையில உக்காந்து கடேசி வரைக்கும் கூட்டத்தக் கேட்டேன். கேட்டுக்கிட்டே மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிட்டேன். டேய் கோட்டைச்சாமி, ஒன்னய இந்தக் கண்மாயிலயே தலகுனிய வைக்கலேன்னா நான் நீர்ப்பாய்ச்சி இல்லடான்னு.

மறுநா அவ தம்பி வீட்டுக்குப் போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்தா. அப்புடி இருந்தவதான். அப்புறம் என்ன சொக்குப்பொடி போட்டானோ, தம்பி பக்கம் சாஞ்சுட்டா. பொம்பளைக்கிப் பொறந்த வீட்டுப் பாசம் எங்க போகும்?

அதே வாரம் அந்த இஞ்சினீயரு கண்மாய்க்கரைக்கி வந்தாரு. என்னயத் தேடித்தான் வந்தாரு. நான் கீழக்கரைக்கி அடுத்தாப்ல புளியமரத்துகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன், பூமயிலு பத்தடி தள்ளித் தண்ணிக்குள்ள நின்னு கோரை அறுத்துக்கிட்டிருந்தா. அவரு செருப்பக் கழட்டிட்டு வந்து, "ஐயா, அன்னிக்கு நான் எந்திரிச்சு என் சேரக் குடுத்திருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க"ன்னாரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் அதக் காதுல போட்டுக்கல. அவரு நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு, "எவ்வளவு ஆழம் இருந்தா பறவைக்கு நல்லதுங்க ஐயா?"ன்னு கேட்டாரு.

ஒரு கேள்வி. அம்புட்டுத்தான். இருவது பேரு கூடி மூணு நாளு பேசுனாலும் வராத பதிலு என் தொண்டையில இருந்துச்சு.

நான் சொன்னேன், "ஆழம் எம்புட்டோ அம்புட்டு நல்லது சார். இந்த மேடு பள்ளமெல்லாம் இருக்கவே கூடாது. ஒரே மட்டமாத் தோண்டுங்க. ஆளு மூழ்கணும்."

எழுதிக்கிட்டாரு தாயி! ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாரு. எழுதிட்டுக் கும்பிட்டாரு. பூமயிலு அருவாள நிறுத்திட்டு நிமுந்தா. "என்ன சொல்றீக நீங்க?"ன்னா. "நீ ஒன் சோலியப் பாரு"ன்னேன். அவ முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு என்னயப் பாத்தா. அறுத்த கோரைய அள்ளக்கூட இல்ல, அப்படியே போட்டுட்டு கரையேறிப் போயிட்டா.

அதுக்குப் பொறகு எனக்கு வேல ஒண்ணுமே இல்ல. சும்மா இருக்கறதுதான் வேல. சித்திரையில மிசினு வந்து எறங்குச்சு. கோட்டைச்சாமிக்கிச் சந்தோசம் தாங்கல, தோண்டத் தோண்ட மண்ணுல்ல? லாரி லாரியாப் போச்சு, எங்க போச்சுன்னு அவனத்தான் கேக்கணும். கீழக்கரைச் சரிவு மூணே நாளுல போச்சு. கொட்டிக்கிழங்கு வேரு மிசினு வாயில தொங்குனத நானே பாத்தேன். கருவேல மரத்துல பாதியப் புடுங்கி நடுவுல திட்டு போட்டு நட்டானுக. நான் தெனமும் காலையில போயிக் கரையில குத்தவச்சு வேடிக்க பாத்தேன். இஞ்சினீயரு வந்து, "சரியா இருக்குங்களா ஐயா?"ன்னு கேப்பாரு. "இன்னும் கொஞ்சம் ஆழம் போகலாம் சார்"ம்பேன். வயித்துக்குள்ள சில்லுன்னு இருக்கும் தாயி. பொய்யி சொல்லல. அந்த மூணு மாசமும் நான் நல்லாத் தூங்குனேன், நல்லாச் சாப்புட்டேன்.

ஐப்பசியில மழ. கண்மாய் ரொம்புனத நீங்க பாத்திருக்கணும். கடலு மாதிரி கெடந்துச்சு. கோட்டைச்சாமி தலகால் புரியாம ஆடுனான். பாக்குறதுக்குக் கோபுரம், உக்காரப் பெஞ்சு, பறவை படம் போட்ட போர்டு, எல்லாம் வந்துச்சு. கார்த்திகையில, பறவை வந்து எறங்குற நேரமாப் பாத்து, பறவை விழான்னு பிளெக்ஸு அடிச்சான், அவன் மொகம் பெருசு, நாரை சிறுசு. ரெண்டு ஜில்லாவுலருந்து ஆபீசருக வந்தாக, தூரத்துக் கண்ணாடி கொண்டாந்தாக. பறவையை எண்ணி எழுதுறதுக்குக் காலேசுப் புள்ளைக வேற.

நான் எல்லாருக்கும் முன்னாடியே போயி மடைமேல நின்னுக்கிட்டேன். எனக்குத்தான தெரியும் என்ன நடக்கப் போகுதுன்னு.

வந்துச்சுக. வராமப் போகல. வடக்க இருந்து கூட்டங்கூட்டமா வந்துச்சுக, எங்கெங்க இருந்தோ நம்ம கண்மாய நம்பி. கண்மாய்க்கு மேல ஒரு சுத்து. ரெண்டு சுத்து. நாரைக காலத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கீழக்கரையில எறங்கப் பாத்துச்சுக, அது பழகுன எடமில்ல? அடியில்லன்னு தெரிஞ்சதும் றெக்கைய அடிச்சு மேல ஏறிக்கிச்சுக. திரும்ப எறங்குச்சுக. திரும்ப ஏறுச்சுக. ஒரு நாரை கோபுரத்துப் படிக்கட்டுல தண்ணிக்குள்ள இருந்த படியில வந்து நின்னுச்சு, அந்த ஒரு படியிலதான் முழங்கால் தண்ணி. பின்னாலயே வந்தது நிக்க எடமில்லாம அதக் கொத்துச்சு. உச்சி வெயிலு வரைக்கும் சுத்திச்சுக தாயி. பெறகு ஒவ்வொரு கூட்டமாத் தெக்க போயிருச்சு. நீர்க்காகம் ஒரு இருவது, கூழைக்கடா ஒம்பது, அம்புட்டுத்தான் மிச்சம்.

காலேசுப் புள்ளைக நோட்ட மூடிருச்சுக. ஒரு ஆபீசரு கோட்டைச்சாமியக் கூப்புட்டு எல்லாரு முன்னாடியும், "இதுக்கா இவ்வளவு நிதி வாங்கினீங்க?"ன்னு கேட்டாரு. அவன் மைக்கக் கையில வச்சுக்கிட்டுத் தரையப் பாத்தான். எனக்கு அந்த ஒரு நிமிசம் போதும். செத்தாலும் போதும். எங்கிட்டயும் மைக்கு இருந்திருந்தா, "மச்சினா, தரையில உக்காரு"ன்னு சொல்லிருப்பேன். சாயங்காலம் கூட்டம் கலைஞ்ச பெறகும் நான் மடைமேலயே இருந்தேன். அந்தப் படிக்கட்டு நாரை என்ன ஆச்சுன்னு பாக்கத்தான். அது போயிருச்சு.

ரெண்டாந் தவணை வரல. நின்னு போச்சு. இஞ்சினீயர எங்கயோ மாத்திட்டாகளாம்.

அதுக்கப்புறம்தான் சந்தையில போயி இந்தச் சேர வாங்குனேன். அதே செவப்பு, அதே சேரு, தேடிப் புடிச்சேன். மாசி மாசம் கோட்டைச்சாமி என் வீட்டுப் படியேறி வந்தான். "மச்சான், கண்மாயப் பத்தி ஒரு யோசனை சொல்லுங்க"ன்னு. நான் சேருல உக்காந்தேன். கால் மேல கால் போட்டேன். "தரையில உக்காரு மாப்ள"ன்னேன்.

உக்காந்தான்! சம்மணம் போட்டு உக்காந்தான். "எப்புடிடா இருக்கு?"ன்னேன். "எது மச்சான்?"னான். "அன்னைக்கி என்னயத் தரையில உக்கார வச்சியே, கூட்டத்துல"ன்னேன். அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "எந்தக் கூட்டம்? எந்தச் சேரு மச்சான்?"னான். ஞாபகம் இல்லையாம். நடிக்கிறான் தாயி. பூமயிலு கொண்டாந்து வச்ச மொச்சக் கொழம்பு சோத்த ரெண்டு வாட்டி வாங்கித் தின்னுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனான். உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுத்தான் போயிருப்பான். இப்பப் புதுக் காரு வாங்கியிருக்கான், வீட்டுக்கு மாடி எடுக்கறான். ஆனா அந்தக் காரு ஓட்டும்போது மொகத்தப் பாருங்க, களையே இல்ல. ஒழிஞ்சு போனான்.

எனக்கு? எனக்கு என்ன நட்டம்? ஒண்ணுமில்லையே. நீர்ப்பாய்ச்சி வேல இப்ப இல்ல, அது போகட்டும். தண்ணி இப்ப மடைக்கிக் கீழ கெடக்கு, மடையத் தொறந்தா வெறும் காத்துத்தான் வரும். மோட்டாரு வச்சு எறைக்கிறவனுக எறைக்கிறானுக. எச்சத் தண்ணி இல்லாம இந்த வருசம் ஊரே ஒரக்கடையில வரிசையில நின்னுச்சு. நின்னா நிக்கட்டும், சிரிச்ச பயலுகதான. எங்க ரெண்டு ஆடு புல்லுக்கு அடுத்த ஊருக் கண்மாய்க்கிப் போகுது. நானும் வருசத்துக்கொரு தரம் மடைக்கதவுக்கு எண்ண போடுறத நிறுத்தல. கதவு நல்லாத்தான் இருக்கு.

பூமயிலுதான். அவ அந்தக் கோரை அறுத்த நாளிலருந்து எங்கிட்டப் பேசுறதில்ல. பதினாலு மாசம் ஆகப் போகுது. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, துணி தொவைப்பா. வாயத் தொறக்க மாட்டா. தொண்டையில கோளாறுன்னு ஊருல சொல்லி வச்சிருக்கேன். ஆனா ஆட்டுகிட்டப் பேசுறா, அடுத்த வீட்டுக்காரிகிட்டப் பேசுறா, அதுதான் எடஞ்சலா இருக்கு. எல்லாம் தம்பி மேல உள்ள பாசம். தம்பியத் தலகுனிய வச்சுட்டேன்னு கோவம். நாளாவட்டத்துல சரியாயிரும்.

இன்னொண்ணு கேளுங்க, சிரிப்பீக. மாசியிலருந்து அவ தெனமும் விடிஞ்சதும் ஒரு கூடையத் தூக்கிக்கிட்டுக் கீழக்கரைக்கிப் போறா. கரையில கெடக்குற மண்ண அள்ளித் தண்ணிக்குள்ள கொட்டுறா. ஒரு நாளைக்கி முப்பது கூடை, நாப்பது கூடை. கோடி கோடியாக் கொட்டித் தோண்டுன குழிய இவ கூடையால தூக்கப் போறாளாம்! ஊரு சிரிக்கிது. நான்கூட ஒரு நாளு போயிப் பாத்தேன். நம்ம வீட்டு முத்தம் அளவுக்கு மேடாக்கியிருக்கா. அதுல ரெண்டு கொக்கு நின்னுச்சு. கெண்டைக்கால் தண்ணி, சரியா அளந்து போட்டிருக்கா. சரி, எங்கிட்டப் படிச்சவதான. இப்பவும் அங்கதான் போயிருக்கா.

என்ன தாயி, பையத் தொறக்குறீக? காயிதமா? குடுங்க, எனக்கு வாசிக்கத் தெரியும். கண்ணாடி வேணாம், எட்டத்துல வச்சா நல்லாத் தெரியும்.

"ஈரநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கு. தும்பனேந்தல் பூமயில் எழுதிக்கொள்ளும் மனு." பூமயிலா? இது ரேசன் கடைப் புள்ள கையெழுத்து மாதிரியில்ல இருக்கு. அவ சொல்லச் சொல்ல எழுதியிருக்கும். கீழ கையெழுத்து அவளுதுதான். பூ-வுக்குச் சுழி போடாம விட்டுருவா, அதே தப்பு.

"எங்கள் கண்மாய் தப்பாகத் தோண்டப்பட்டுவிட்டது. கீழக்கரையில் என் பாதம் நனைகிற அளவு தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கு அடுத்து கணுக்கால். புளியமரத்துக்கு நேராக முழங்கால். மடைகிட்டே இடுப்பு. மண்ணைக் கொட்டி மறுபடி சரிவாக்கித் தர வேண்டும். என்னால் ஒரு நாளைக்கு நாற்பது கூடைதான் முடிகிறது."

சரியாத்தான் சொல்லியிருக்கா. புளியமரத்துக்கு நேரா முழங்கால், சரிதான்.

"இந்த அளவெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்னவரும் அவர்தான். என் தம்பி அவரைச் சபையில் அவமானப்படுத்தினான், அது தப்பு, அதற்கு அவனிடம் நான் சண்டை போட்டேன். ஆனால் பறவைகள் அவரை என்ன செய்தன? அதிகாரி வந்தால் அவரைக் கேட்க வேண்டாம். என்னைக் கேளுங்கள்."

இருங்க. கடேசி வரிய இன்னொரு தரம் வாசிச்சுக்கிறேன். அவரைக் கேட்க வேண்டாம்.

அப்ப நீங்க என்னயத் தேடி வரலையா? ரேசன் கார்டுப் பேரப் பாத்து வரலையா? இம்புட்டு நேரமும் நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல? நான்தான் விடலையா. சரி.

தம்பிக்காக எம்மேல கோவம் இல்லையாம். தம்பி கூடச் சண்டை போட்டாளாம். நான் பாத்தேன், எனக்குத் தெரியும். எனக்கு எல்லாந் தெரியும் தாயி.

அந்தா வாரா. தலையில கூடை, காலு பூரா சேறு. எம்புட்டு எளச்சுட்டா பாருங்க, நான் எட்டத்துலருந்து பாக்குறதே இப்பத்தான். பூமயிலு, இவுக ஒன்னயப் பாக்கத்தான் வந்திருக்காக. சென்னையிலருந்து. கூடைய இப்புடிக் குடு. குடுக்க மாட்டா.

என்ன தாயி, எந்திரிச்சுட்டீக? அவளுக்கா? சேரு அவளுக்கா? அவ அதுல உக்கார மாட்டா தாயி, நான்தான் சொன்னேன்ல, தொடக்கூட.

உக்காந்துட்டா.

நீங்க அப்ப எங்க உக்காருவீக? கட்டில்ல உக்காருங்க. எனக்கா? எனக்கு வேணாம். நான் இந்தா, இங்க தரையிலயே உக்காந்துக்கிறேன். பழகுன காலு, மடங்கும்.

கேளுங்க, அவகிட்டயே கேளுங்க. கண்மாய்க்கி எம்புட்டு ஆழம்னு கேளுங்க. நான் ஊட வாயத் தொறக்க மாட்டேன்.

பேசுறா தாயி. பாத்தீகளா? தொண்டை நல்லாத்தான் இருக்கு. கொரலு கொஞ்சங்கூட மாறல. அவ சொல்றது அம்புட்டும் சரி, நீங்க யோசிக்காம எழுதிக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தச் சேரு நான் வாங்குனது. அதையும் ஒரு ஓரமா எழுதிக்கங்க.